பச்சையம்மாளின் மருந்துப் பலகை

என் அருமைத் தங்கச்சி பச்சையம்மாளுக்கு,

நீ போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. நேற்று தோப்புக்குப் போயிருந்தேன். உன் குடிசைக் கதவை யாரோ கம்பியால் கட்டிவைத்திருக்கிறார்கள். கூரை ஒரு பக்கம் மழையில் இறங்கிவிட்டது. ஆடாதொடை இடுப்பளவு வளர்ந்து வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சற்று நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அழுகை வரவில்லை. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்கும். எனக்கு இந்த நாற்பத்தோரு நாளும் அப்படித்தான் இருக்கிறது. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், புடவைக்குக் கஞ்சி போடுகிறேன். உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

இது நம் மாதர் மன்றத்தின் மாதப் பத்திரிகையில் வரும். உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். மன்றச் செயலாளர் வசந்தா என்னிடம் கேட்டது பத்தே வரிதான். "ரெண்டு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க மேடம். அந்தப் பொண்ணு விஷயம் மட்டும் வேணாம். செத்தவங்களப் பத்தி எதுக்கு?" என்றாள். அதை எழுதுவதாக இருந்தால்தான் எழுதுவேன் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஊரில் உன் பெயரைச் சொன்னால் ஒரே ஒரு வாக்கியம்தான் திரும்பி வருகிறது. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த கஸ்தூரியின் மூன்று மாதக் கருவைக் கலைத்தவள் என்று. அந்த வாக்கியத்தை இத்தனை வருடமாக என் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இனி இருக்க முடியாது.

முதலில் நீ எப்படி வாழ்ந்தாய் என்று சொல்கிறேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையைத் தாண்டி, தொழிற்சாலையின் நீண்ட மதில் முடிகிற இடத்தில், வேம்பும் புங்கனும் காரைப்புதரும் அடர்ந்த தோப்பு. உன் கணவர் வழியில் வந்த நிலம். பங்காளிகள் தங்கள் பங்கையெல்லாம் பிளாட் போட்டு விற்றார்கள். நீ உன் பங்கில் ஒரு மண்குடிசை போட்டு உட்கார்ந்துகொண்டாய். ஒரு பாய், இரண்டு புடவை, ஓர் அலுமினியக் குண்டான், ஓர் அம்மி. மின்சாரம் கிடையாது. "லைட்டு போட்டா பூச்சி வரும், பூச்சி வந்தா பாம்பு வரும், பாம்பு வந்தா மனுசன் வருவான்" என்பாய்.

விடியும் முன்னே எழுந்து பறிக்கப் போவாய். பொழுது சாய்ந்த பிறகு எந்தச் செடியிலும் கை வைக்க மாட்டாய். ஓர் இடத்தில் கீழாநெல்லி ஒன்றே ஒன்று நின்றால் அதை விட்டுவிட்டு ஏரியைச் சுற்றி நடந்து வேறு இடம் தேடுவாய். உன்னிடம் மருந்து வாங்கியவர்கள் "போய் வருகிறேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் "இன்னாத்துக்கு வர்றே? வராத, போ" என்று விரட்டுவாய். யாராவது படி அரிசியோ தேங்காயோ வைத்துவிட்டுப் போனால் அன்றைக்குச் சோறு. இல்லாத நாளில் முருங்கைக் கீரை. இதில் குறை என்று நீ சொல்லி நான் கேட்டதில்லை.

நான் உன்னிடம் வந்தது என் கணவர் இறந்த மறு வருடம். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சேக்காட்டில் சொந்த வீட்டுக்கு வந்திருந்தேன். வலது முழங்கால் வீங்கிப் படி ஏற முடியவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. வீட்டு வேலை செய்யும் மல்லிகா வற்புறுத்தி அழைத்து வந்தாள். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். தோப்புக்குள் குடிசையில் இருக்கும் ஒருத்தியிடம் காலைக் காட்டுவது எனக்குச் சம்மதமாக இல்லை. குடை பிடித்தபடியே வாசலில் நின்றேன்.

"இன்னா யக்கா, முட்டி இன்னா சொல்லுது?" என்றாய். நான் யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எனக்கு முழங்காலில் வீக்கம்" என்றேன்.

"அது தெரியுது. ஒரு கால்ல வந்து ஒரு கால்ல நின்னுகினு கீறியே. குந்து."

"நாற்காலி இல்லையா?"

நீ மல்லிகாவைப் பார்த்தாய். "நாக்காலியாம்மே. ஏரில போயி ஒரு எருமைய இட்டுகினு வா. யக்கா அது மேல குந்தட்டும்."

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன், தரையில். அதற்கு முன் எத்தனை வருடமாகத் தரையில் உட்காரவில்லை என்று நினைவில்லை. நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாய். ஒன்பது நாளில் வீக்கம் வடிந்தது. பத்தாம் நாளும் வந்தேன். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் வருவது வழக்கமாகிவிட்டது. நான் செய்தித்தாள் படித்துச் சொல்வேன். நீ இலை ஆய்ந்துகொண்டே, "அந்தக் கம்னாட்டிய ஜெயில்ல போட்டாங்களா இல்லியா?" என்று கேட்பாய். எனக்கு வேறு தோழி இல்லை. இதை நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது உன் மருந்துப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குடிசையின் பின்சுவரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பலகை. அதில் இருபதுக்கு மேல் பழைய பால்பவுடர் டப்பாக்கள், ஒன்று நெளிந்து, ஒன்று துருப்பிடித்து. எந்த ஒழுங்கும் இல்லாதது போலத் தெரியும். ஒழுங்கு இருந்தது. இடது முனை தலை, வலது முனை பாதம். தலைவலிக்கு உரியது இடது ஓரத்தில். அடுத்து கண், தொண்டை, மார்பு. நடுவில் வயிறு. கடைசியில் பித்தவெடிப்புக்கு. மனித உடம்பைப் படுக்க வைத்தது போல அடுக்கியிருந்தாய். நோயாளி "வவுறு" என்று வாயைத் திறக்கும்போதே உன் கை நடுப்பலகைக்குப் போய்விடும். ஒரே ஒரு டப்பா மட்டும் பலகையில் இல்லை. தரையில், ஒரு சாக்குக்கு அடியில் கிடந்தது. பேதிச் சூரணம்.

ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று உன்னிடம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த நெளிந்த டப்பாக்களும் தரையில் சாக்கும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. பள்ளியில் எங்கள் மேஜை டிராயரை சிஸ்டர் முன்னறிவிப்பு இல்லாமல் திறந்து பார்ப்பார். ரிப்பன் ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். அறுபது வயதிலும் என் டிராயர் அப்படித்தான் இருந்தது. அடுத்தவர் டிராயரும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் என் கோளாறு.

முத்தாபுதுப்பேட்டையில் உன் அண்ணன் இறந்தார். நீ காரியத்துக்குப் போய் மூன்று நாள் தங்கினாய். உன் கதவுக்குப் பூட்டு ஏது? இரண்டாம் நாள் நான் துடைப்பமும் சோப்பும் பசையும் காகிதமும் எடுத்துக்கொண்டு போனேன். குடிசையைப் பெருக்கினேன். டப்பாக்களின் வெளிப்புறத்தை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காயவைத்தேன். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். உனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஒட்டினேன்.

பிறகு எல்லாவற்றையும் உயரவாரியாக அடுக்கினேன். நெட்டையானவை இடதுபுறம், குட்டையானவை வலதுபுறம். மருந்து தரையில் கிடப்பது சுத்தக்குறைவு என்று பேதி டப்பாவையும் எடுத்து வரிசையில் சேர்த்தேன். நடுத்தர உயரம் என்பதால் அது நடுவில் போய் நின்றது. பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனை வரிசை போல இருந்தது. எட்டி நின்று பார்த்துத் திருப்திப்பட்டேன். நீ வந்ததும் வியந்து போவாய் என்று உனக்குச் சொல்லியனுப்பவும் இல்லை.

மறுநாள் பொழுது சாய்ந்துதான் நீ திரும்பினாய். வந்து படுத்துவிட்டாய். அதற்கு மறுநாள் விடியலில் கஸ்தூரி வந்து நின்றாள். குவார்ட்டர்ஸ் பெண், கல்யாணமாகி ஒரு வருடம், மூன்று மாதக் கர்ப்பம். மசக்கை வாந்தி நிற்கவில்லை. குடிசைக்குள் இன்னும் இருட்டு. துக்க வீட்டில் மூன்று நாள் தலைக்கு ஊற்றியதில் உனக்கு மூக்கு அடைத்திருந்தது. அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். உன் கை நடுப்பலகைக்குப் போனது.

உனக்குக் கண் மங்கிக்கொண்டு வந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. டப்பாவின் தூசியைப் பார்த்த எனக்கு, நீ ஒரு வருடமாகத் தடவித் தடவி எடுப்பது தெரியவில்லை.

நான் பத்து மணிக்கு வந்தேன், உன் பாராட்டைக் கேட்க. நீ பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். முகம் சாம்பலாக இருந்தது. "யக்கா, இத்த யாரு தொட்டது?" என்றாய். "நான்தான். ஏன், நன்றாக இல்லையா?" என்றேன். நீ என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாய். குவார்ட்டர்ஸ் போய்ச் சேர்ந்தபோது கஸ்தூரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். இரண்டாம் நாள் கரு தங்கவில்லை என்று செய்தி வந்தது. மருந்தினால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏற்கெனவே பலவீனமான உடம்பு என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதாகக் கேள்வி. யார் அதைக் காதில் வாங்கினார்கள்?

மூன்றாம் நாள் கஸ்தூரியின் மாமியார் ஏழெட்டுப் பெண்களோடு தோப்புக்கு வந்தார். மதுரைப் பக்கத்து அம்மாள், பேரன் பிறப்பான் என்று அப்போதே ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தவர். நானும் அங்கே இருந்தேன்.

"ஏய், வெளிய வாடி. எம்மருமக வகுத்துல இருந்தத கரைச்சுப்புட்டு உள்ள உக்காந்துருக்கியா? நீயெல்லாம் வைத்தியக்காரியா?"

நீ வெளியே வந்தாய். கை கட்டி நின்றாய்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க படிச்சவுக. நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்கம்மா. இவ செஞ்சது சரியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பலகையை மாற்றியது நான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது இது: "எனக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது."

இத்தனை பேர் படிக்கும் இடத்தில் இதை எழுதிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு நீ உள்ளே போய் டப்பாக்களை இறக்கினாய். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நீ விடவில்லை. "நீ இன்னா பண்ணே? ஊட்டைப் பெருக்குனே. எட்த்துக் குட்த்தது யாரு? நானு. கை என்னுது யக்கா. கண்ணும் என்னுது." அப்புறம் அந்தப் பேதி டப்பாவைக் காட்டினாய். "இத்த ஏன் கீழ வெச்சிருந்தேன் தெரியுமா? இத்த எடுக்கணும்னா குனியணும். குனியறதுக்குள்ள ஒரு தபா யோசிச்சிடுவேன்."

அதை அன்றுதான் சொன்னாய். நானும் அன்றுவரை கேட்கவில்லை. மற்றதையெல்லாம் கேட்டவள், தரையில் ஏன் இருக்கிறது என்று மட்டும் ஏன் கேட்கவில்லை?

அதோடு நீ மருந்து கொடுப்பதை நிறுத்தினாய். சூரணங்களைக் குழி தோண்டிக் கொட்டினாய். யாரும் கேட்டு வரவும் இல்லை. நான் மட்டும் செவ்வாயும் வெள்ளியும் வந்தேன். செய்தித்தாள் படித்தேன். உன்னைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன் என்றேன். "இனிமே பாத்து இன்னா பண்ணப் போறேன்" என்றாய். நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் ஊரார் வாயில் உன்னைப் பற்றி வந்ததையெல்லாம் கேட்டேன். ரேஷன் கடை வரிசையில், பஸ் ஸ்டாப்பில், இதே மாதர் மன்றத்தில். ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றினேன், அல்லது குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். என் கணவரின் பெயர், என் படிப்பு, இந்தத் தெருவில் எனக்கிருக்கும் மரியாதை, இவற்றையெல்லாம் உன் தலைமேல் வைத்துக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் உனக்கு ஜுரம் வந்தது. வழியெல்லாம் தண்ணீர், அந்த வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. ஞாயிறன்று ஆடு மேய்க்கும் பெண்தான் நீ உயிரில்லாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். உன்னைத் தூக்க நான்கு பேர் சேருவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. உன் மருந்தில் எழுந்து நடந்தவர்கள் எத்தனையோ பேர் பக்கத்திலேயே இருந்தார்கள்.

போன வாரம் கஸ்தூரியைப் பார்க்கப் போனேன். அவர்கள் இப்போது சேக்காட்டில்தான் இருக்கிறார்கள், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. உனக்கு ஒரு செய்தி: அவளுக்கு ஒரு பையன் இருக்கிறான், மூன்று வயது முடியப் போகிறது. நான் போனபோது அவன் சுவரில் கரியால் கிறுக்கிக்கொண்டிருந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன், பலகை, சாக்கு, அன்று உன் வாசலில் நான் சொன்ன அந்தப் பொய் உட்பட.

அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"அவங்க எங்கிட்ட வந்தாங்கம்மா" என்றாள். "ஆஸ்பத்திரியிலருந்து வந்து பத்து நாள் இருக்கும். அத்தை இல்லாத நேரமாப் பாத்து வந்தாங்க. எனக்குக் கண்ணு தெரியல, அத மறைச்சிட்டு உனக்கு மருந்து குடுத்துட்டேன்னு காலப் புடிக்க வந்தாங்க. நான் தள்ளிப் போயிட்டேன். உங்க பேர அவங்க எடுக்கவே இல்ல."

நான் அதை அறியவில்லை. நான்கு வருடத்தில் ஒரு தடவை கூட நீ சொல்லவில்லையே.

"உனக்கு என் மேல் கோபம் இருக்கும்" என்றேன்.

"தெரியலம்மா. மொதக் கொழந்த தங்கலையேன்னு இருக்கற வருத்தம் வேற. இவன் பொறந்தப்ப அவங்ககிட்ட தூக்கிட்டுப் போய்க் காட்டணும்னு நெனச்சேன். அத்தைக்குப் பயந்து போகல. நீங்க இத அப்பவே சொல்லியிருந்தா போயிருப்பேன்." எழுந்து போய்ப் பையன் கையிலிருந்த கரியை வாங்கி வைத்தாள். பிறகு, "எங்க அத்தை இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்காங்க. ஊர்ல, கல்யாண வீட்டுல, யாராவது மாசமா இருந்தா ஒடனே. அவங்ககிட்டயும் சொல்வீங்களா?" என்றாள்.

சொல்வேன் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நம்பவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

நீ என்னை ஏன் காப்பாற்றினாய், பச்சை? நான் உன் தோழி என்பதாலா? அல்லது நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று முன்பே உனக்குத் தெரிந்துவிட்டதா? எது உண்மையாக இருந்தாலும் எனக்கு அது உதவாது. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ அதை என்னிடம் கேட்கவும் இல்லை.

வரும் ஞாயிறு மன்றக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை நானே எழுந்து நின்று படிக்கிறேன். தைப்பொங்கலுக்குக் கஸ்தூரியின் மாமியார் ஊரிலிருந்து வருகிறார். அன்று என்னிடம் கேட்ட கேள்விக்கு அவர் வாசலில் போய்ப் பதில் சொல்கிறேன். தெருவுக்குக் கேட்கும்படி சொல்கிறேன். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன், அவர் முடிக்கும்வரை.

இப்படிக்கு,
உன் கூடப்பிறக்காத அக்கா,
சரோஜினி